வருவாயும் செலவும்: டில்லி வாழ் இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டுவதில்லை என்று புத்த பெருமான் ஒருபோதும் கூறினாரில்லை. துறவிக்கு ஓடும் உடையும் போதும். மனைவி மக்களோடு வாழ்வோனுக்கு அவை போதா என்பதைப் பெருமான் நன்கறிந்திருந்தார். கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் பெருமான் தங்கியிருந்த காலத்தில் திகஜாணு என்பான் அவரை அணுகி, "நாங்கள் சந்தனம் பூசி, பொன்னும் வெள்ளியும் கையாண்டு, மக்களோடு வாழும் இல்லறத்தார், எங்களுக்கு ஏற்ற அறம் யாது?" என்று வினவினான். பெருமான் அவனை இகழவில்லை. காட்டிற்குச் செல் என்று ஏவவும் இல்லை. இம்மை நலத்திற்கு நான்கு பண்புகளை உரைத்தார். அவையாவன: தொழிலில் முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வருவாய்க்கு ஒத்த வாழ்வு.

இந்நான்கனுள் இரண்டாவதையும் நான்காவதையும் இப்பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம். தலைநகராகிய டில்லியில் வாழும் நம் குடும்பங்களை முன்னிறுத்தியே ஆராய்வோம். ஏனெனில் பிழைப்பை நாடி நெடுந்தொலைவு வந்தவர்க்கு வருவாய் ஓரளவு உயர்ந்தாலும், வாடகை, பேருந்து, மின்சாரம், பள்ளிச் செலவு ஆகியவை அதனினும் விரைவாக உயர்ந்துவிடுகின்றன. மாத இறுதியில் கையில் நிற்பது யாது என்பதே கேள்வி.

சிக்கனம் யாது, உலோபம் யாது?

திகஜாணுவுக்குப் பெருமான் ஓர் ஏரியை உவமை காட்டினார். நீர் வரும் வாய்கள் நான்கு. வெளியேறும் மதகுகள் நான்கு. வரும் வாயை அடைத்து, மதகைத் திறந்து வைத்து, மழையும் பெய்யாதொழிந்தால் ஏரி வற்றும். பரத்தைமை, கள், சூது, தீயோர் கூட்டுறவு ஆகிய நான்கும் செல்வம் வெளியேறும் மதகுகள் என்றார். ஏரியும் மதகும் அறிந்த நம் நாட்டாருக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வரவு சிறிதாயிருக்கப் பெருஞ்செலவு செய்வோனை, ஓர் அத்திப்பழம் தின்ன மரம் முழுவதையும் உலுக்குவோனுக்குப் பெருமான் ஒப்பிட்டார். அவன் தின்பது சில, வீணாவன பல. அம்மட்டோடு நிறுத்தினாரில்லை. பெருவருவாய் இருந்தும் வறியவன்போல் வாழ்வோன் பட்டினியால் மடிபவனைப் போன்றவன் என்றும் உடன் உரைத்தார்.

கோசல மன்னன் பசேனதி ஒருமுறை பெருமானிடம் ஒரு செய்தி கூறினான். சாவத்தி நகரில் பெருஞ்செல்வன் ஒருவன் பிள்ளையின்றி இறந்தான். அவன் பொருளை அரண்மனைக்கு ஏற்றிவிட்டு வருகிறேன். அவனோ நொய்க்கூழும் புளித்த கஞ்சியும் உண்டு, முரட்டுத் துணி உடுத்து வாழ்ந்தான் என்றான். அச்செல்வம் எவரும் அணுகாத பாழிடத்துக் குளம் போன்றது; குடிப்பாரும் இல்லை, குளிப்பாரும் இல்லை; தானே வற்றிப்போகும் என்று பெருமான் விடையிறுத்தார்.

ஆகவே சிக்கனம் என்பது வயிற்றைச் சுருக்குவதன்று, வீணை விலக்குவது. இதனை இங்கே வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்கள் பலவற்றில் சிக்கனம் என்னும் சுமை தாயின் உணவுத்தட்டின்மேல் ஏற்றப்படுகிறது. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் அவள். பருப்பு குறைந்தால் அவளுக்கே குறையும். காய்ச்சல் வந்தால் மருந்தைத் தள்ளிப்போடுபவளும் அவளே. இது சிக்கனமன்று, ஒருவர் உடலைக் கரைத்து மற்றவர் கணக்கைச் சரிக்கட்டுதல். குழந்தையின் பால், தாயின் உணவு, பிள்ளையின் படிப்பு, நோயாளியின் மருந்து ஆகிய நான்கையும் குறைக்கத் தகாதவை என முதலில் குறித்துக்கொண்டு, பிறகே மற்றச் செலவுகளை ஆராய்தல் வேண்டும்.

அசோகர் உரைத்தது

பேரரசராயிருந்தும் அசோகர் இப்பொருளைப் பேசினார். முடிசூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபின் வெளியிட்ட மூன்றாம் பாறைக் கட்டளையில், தாய் தந்தையரைப் பேணுதல், நண்பர்க்கும் உறவினர்க்கும் துறவிகளுக்கும் ஈதல், உயிர்க்கொலை தவிர்த்தல் என்பவற்றோடு, குறைவாகச் செலவிடுதலும் குறைவாகப் பொருள்களைச் சேர்த்தலும் நன்று என்னும் கருத்தைப் பொறித்துள்ளார். ஈகையையும் சிக்கனத்தையும் ஒரே மூச்சில் அவர் கூறியிருப்பது நோக்கத்தக்கது. வீணாகச் செலவிடாதவனிடமே பிறர்க்குக் கொடுக்கப் பொருள் நிற்கும்.

டில்லியில் வாழும் நமக்கு அசோகர் அயலார் அல்லர். பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூணும், வடபால் மேட்டுநிலத்தில் நிற்கும் தூணும் அவர் நாட்டியவையே. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அவற்றைத் தோப்ராவிலிருந்தும் மீரட்டிலிருந்தும் கொணர்வித்தார். 1966இல் கால்காஜிக்கு அண்மையில் பஹாபூரில் அசோகரின் சிறு பாறைக் கட்டளை ஒன்று வெளிப்பட்டது. அதன் கருத்து யாதெனின், முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று. எளியோரும் முயன்றால் அதனை அடைவர் என்பதாம். எளிய இல்லங்கள் இதனைத் தமக்கே சொல்லப்பட்டதாகக் கொள்ளலாம்.

முதற்படி: கணக்கு

கணக்கு எழுதாத வீட்டில் சிக்கனம் இல்லை. சதிபட்டான சுத்தம் குரு நாட்டில், அதாவது டில்லியை உள்ளடக்கிய இப்பகுதியில், உபதேசிக்கப்பட்டது என்பது மரபு. நடக்கையில் நடப்பதையும் உண்கையில் உண்பதையும் அறிந்திரு என்பது அதன் போதனை. செலவிடுகையில் செலவிடுவதை அறிந்திருத்தலும் அப்பயிற்சியோடு பொருந்துவதே. இதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஒரு மாதம் ஒரு ரூபாயும் விடாமல் எழுதுவோமாக.

எழுதிப் பார்த்தால் பெருஞ்செலவுகள் நாம் அறிந்தவையாகவே இருக்கும். சிறு செலவுகளே வியப்பைத் தரும். வேலைக்குச் செல்வோர் வெளியில் நாள்தோறும் இருமுறை தேநீர் அருந்துவதாகவும், ஒன்றுக்கு 15 ரூபாய் எனவும் கொள்வோம். நாளொன்றுக்கு 30 ரூபாய், மாதம் 900, ஆண்டுக்கு 10,800 ரூபாய் ஆகிறது. தேநீரை விடுக என்று நாம் சொல்லவில்லை. ஒரு வேளைத் தேநீரை வீட்டிலிருந்து குடுவையில் எடுத்துச் சென்றால் ஆண்டுக்கு ஒரு நல்ல தொகை மிஞ்சும் என்பதைக் கணக்கு காட்டுகிறது. வழியில் வாங்கும் தண்ணீர்ப் புட்டிக்கும், பிள்ளைகளுக்கு வாங்கும் பொட்டலத் தின்பண்டங்களுக்கும் இவ்வாறே கணக்கிடலாம்.

மின்சாரமும் நீரும்

டில்லியில் 2019 ஆகஸ்டு முதல், மாதம் 200 யூனிட்டுக்குள் செலவிடும் இல்லங்களுக்கு மின்கட்டணம் முழுவதையும், 201 முதல் 400 யூனிட் வரை ஓர் எல்லைக்குட்பட்டுப் பாதியையும் அரசு ஏற்கும் முறை வந்தது. 2022 அக்டோபர் முதல் இச்சலுகை, விண்ணப்பித்தவர்க்கே என்றாயிற்று. விதிகள் மாறக்கூடியவை, ஆதலின் ஒவ்வொரு பில்லையும் படித்துப் பார்த்தல் கடமை. இம்முறையில் 200 என்பது ஒரு வரப்பு. ஒரு யூனிட் மிகுந்து அவ்வரப்பைத் தாண்டினாலும் முழுச் சலுகை போய்விடும்.

200 யூனிட்டை 30 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறரை யூனிட். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு நாள்தோறும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டேகால் யூனிட் ஆகும். மாதத்திற்கு 67 யூனிட்டுக்கு மேல். இப்போது கிடைக்கும் 30 வாட் விசிறிகள் அதே வேலையை மாதம் 27 யூனிட்டில் செய்யும். 60 வாட் குண்டு பல்பின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. 200 வாட் கூலர் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். ஒன்றரை டன் குளிர்சாதனமோ எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ பத்து யூனிட் கொள்ளக்கூடும். குளிர்சாதனம் உள்ள வீட்டார் அதனை 24 டிகிரிக்குக் கீழ் வைக்காதிருத்தல் நன்று. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் குறையும் என்பது மின்சிக்கனத் துறையாரின் கணிப்பு.

டில்லியின் மே, ஜூன் மாத வெப்பம் வறண்டது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். காற்று வறண்டிருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். கூலரும் மண்பானையும் இம்முறையிலேயே குளிர்விக்கின்றன. ஆதலின் அவ்விரு மாதங்களிலும் கூலரும் பானையும் நன்கு பயன்படும். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் மிகுந்தபின் கூலர் பயன் தராது. விசிறியும் திறந்த சன்னலுமே போதியவை. குளிர்காலத்தில் கீசரை மணிக்கணக்கில் எரியவிடாமல், குளிப்போர் அனைவரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்தவுடன் அணைத்துவிடல் வேண்டும்.

வாடகைக்கு இருப்போர் பலர், வீட்டுக்காரர் சொல்லும் விலையில் யூனிட்டுக்குப் பணம் கொடுத்து, சலுகையின் பயனைப் பெறாதிருக்கின்றனர். வாடகையாளர் தம் பெயரிலேயே மீட்டர் பெறுவதற்கு 2019 செப்டம்பரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. வாடகை ஒப்பந்தத்தோடு மின்நிறுவன அலுவலகத்தில் விசாரித்தறிக. கேட்காமையால் இழக்கும் பணமும் வீண்செலவே.

நீருக்கும் இத்தகைய வரப்பு ஒன்று உண்டு. டில்லி ஜல் போர்டின் மீட்டர் உள்ள இல்லங்களுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்னும் முறையில், அளவு மிகுந்தால் முழுமைக்கும் கட்டணம் விழும். நாளொன்றுக்கு 660 லிட்டர் என்பது ஐவர் வாழும் இல்லத்திற்குப் போதுமானதே. ஒழுகும் குழாயும் நிரம்பி வழியும் தொட்டியும் இல்லாதிருத்தல் வேண்டும். ஆர்.ஓ. கருவி, குடிநீர் ஒரு லிட்டர் தருவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கிறது. அதனை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

அடுக்களை

டில்லியில் காய்கறிக்குப் பருவம் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காரட், பட்டாணி, காலிபிளவர், முள்ளங்கி, கீரை ஆகியவை மலிந்து கிடக்கும். நம் ஊர்க் காய்களே வேண்டுமென்று குளிர்காலத்தில் வெண்டையும் புடலையும் மிகுந்த விலைக்கு வாங்குதல் வேண்டா. காரட்டையும் முள்ளங்கியையும் சாம்பாரில் இடலாம். பட்டாணியை உரித்து வைத்துக்கொள்ளலாம். முள்ளங்கியின் இலையும் கீரையே. திங்கட்கிழமை கூடுவது சோம் பஜார், புதன்கிழமை கூடுவது புத் பஜார் என ஒவ்வொரு பகுதியிலும் வாரச்சந்தை உண்டு. இரவு கடை கட்டும் நேரத்தில் விலை இறங்குவதை இல்லத்தரசிகள் அறிவர். மலிவு என்பதற்காக அழுகும் அளவுக்கு வாங்குதல் மட்டும் ஆகாது.

மதர் டெய்ரி சாவடிகளில் பாத்திரம் கொண்டுசென்று வாங்கும் பால், உறையிலிட்ட பாலைவிட விலை குறைந்தது. பருப்பையும் கடலையையும் முன்னதாக ஊறவைத்து, குக்கரில் மூடி வேகவைத்தால் எரிவாயு மிஞ்சும். கொதி வந்தபின் தீயைத் தணித்தல் வேண்டும். கொதிக்கும் நீர், தீயைப் பெருக்குவதால் மேலும் சூடாவதில்லை.

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு, டில்லியில் அரிசியை வெளிச்சந்தையில் வாங்குவோர் பலர். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலும் டில்லி 2021 ஜூலையிலும் சேர்ந்தன. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்வரும் அட்டையாயின், அச்சட்டத்தின்படி உரிய தானியத்தை இங்குள்ள நியாயவிலைக் கடையில் கைவிரல் பதித்துப் பெறலாம். தமிழ்நாட்டரசு தனியே தரும் பொருள்கள் மட்டும் இங்குக் கிட்டா.

ஆனந்தரின் ஆடைகள்

கோசம்பியில் உதயண மன்னனின் தேவியர், ஆனந்தரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு ஆடைகளை அவருக்கு அளித்தனர். மன்னன் ஐயுற்று, இத்தனை ஆடைகள் உமக்கு எதற்கு என்றான். கந்தல் உடுத்தவர்க்குப் பகிர்வேன் என்றார். பழைய ஆடைகளை என் செய்வீர்? மேல்விரிப்பு ஆக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தையுறை. பழைய உறைகளை? தரைவிரிப்பு. பழைய தரைவிரிப்புகளை? கால்துடைப்பு. பழைய கால்துடைப்புகளை? தூசு துடைக்கும் துணி. அதுவும் நைந்தபின்? வெட்டிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் கொடுத்தான் என்று வினயப் பிடகம் கூறுகிறது.

இக்கதையை நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தல் நன்று. பழம்புடவை திரைச்சீலையாகும், திரைச்சீலை நைந்தால் பிள்ளையின் விரிப்பாகும், பின்னர்க் கரித்துணியாகும். டில்லியார் குளிர்காலம் தொடங்குமுன் தம் ரஜாயின் பஞ்சைப் பிரித்து, பஞ்சு அடிப்போரிடம் கொடுத்து அடித்து மீண்டும் தைத்துக்கொள்கின்றனர். புது ரஜாய் வாங்குவதில்லை. இவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். மூத்த பிள்ளையின் சீருடையையும் பாடப் புத்தகங்களையும் அண்டை வீட்டாருக்குள் மாற்றிக்கொள்ளலாம். கதைப் புத்தகங்களுக்கு 1951 முதல் இயங்கும் டில்லி பொது நூலகம் இருக்கிறது. மருத்துவர் எழுதும் மருந்துகளில் பலவற்றை மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் பெறலாம். ஊர்ப்பயணம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 60 நாட்களுக்கு முன்பே இருக்கை பதிவு செய்தால் தட்கால் கட்டணம் மிஞ்சும்.

வட்டி என்னும் மதகு

மேற்கூறியவற்றால் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சும். ஒரு தவறான கடன் அத்தனையையும் ஒரே நாளில் விழுங்கும். நூற்றுக்கு ஐந்து வட்டி என்று சிறிதாகச் சொல்வர். அது மாத வட்டி. ஆண்டுக்கு அறுபது சதவீதம். 30,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500 வட்டி. ஓராண்டில் 18,000 கொடுத்தபின்னும் முதல் அப்படியே நிற்கும். மாறாக, அஞ்சலகத் தொடர்வைப்பில் மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டு செலுத்தினால் செலுத்திய தொகை 30,000, ஆண்டுக்கு 6.7 சதவீத வட்டிக் கணக்கில் கைக்கு வருவது ஏறத்தாழ 35,680. மாதம் 100 ரூபாயிலிருந்தே இவ்வைப்பைத் தொடங்கலாம். சீட்டுப் போடுவோர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டறிந்தே போடல் வேண்டும்.

கடன் எங்கிருந்து பிறக்கிறது? நோயினாலும் வேலையிழப்பினாலும் பிறக்கும் கடன் உண்டு. அதற்கு எவரையும் குறை கூறோம். எனினும் திருமணம், மஞ்சள் நீராட்டு, கருமாதி ஆகியவற்றில் ஊரார் வாய்க்கு அஞ்சிப் பிறக்கும் கடன் அதனினும் குறைந்ததன்று. அசோகர் தம் ஒன்பதாம் பாறைக் கட்டளையில், நோய், மணம், மகப்பேறு, பயணம் ஆகியவற்றின்போது மக்கள் செய்யும் பற்பல சடங்குகள் சிறுபயனே தருவன என்றும், பணியாளரிடம் நன்னடத்தை, பெரியோரிடம் மதிப்பு, ஈகை ஆகியவையே பெரும்பயன் தரும் சடங்குகள் என்றும் கூறினார். தம்மத்தைத் தழுவிய நாம், திருமணத்தைத் திரிசரணமும் பஞ்சசீலமும் கூறி எளிய முறையில் நடத்த வழி பெற்றிருக்கிறோம். வழியைப் பெற்ற பின்னும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கடன் வாங்குவோமாயின் பழைய சடங்கை விட்டுப் புதிய சடங்கைப் பிடித்தோரே ஆவோம்.

சேமிப்பு எதற்கு?

சிகாலனுக்கு உரைத்த அறவுரையில் பெருமான் வருவாயை நான்கு கூறாக்கினார்: ஒன்று துய்ப்பதற்கு, இரண்டு தொழிலுக்கு, நான்காவது இடர் வருங்காலத்திற்கு. வாடகையே வருவாயில் பெரும்பகுதியை விழுங்கும் டில்லியில் நாலில் ஒன்றை ஒதுக்குதல் பலர்க்கு இயலாது. இயலாவிடின் இருபதில் ஒன்றை ஒதுக்குக. அளவைவிட முறையே முதன்மையானது: செலவிட்டு எஞ்சியதைச் சேமித்தல் அன்று, சேமித்து எஞ்சியதைச் செலவிடுதல்.

இடர் வருங்காலம் என்பது வெறுஞ்சொல்லன்று. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை அடுத்து, மதராசி முகாம் என்னும் பெயரோடு பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவந்த குடியிருப்பு, உயர்நீதிமன்ற ஆணையின் வழி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. தகுதியில்லை எனப்பட்டவர்க்கு அதுவும் இல்லை. 1-1-2015க்கு முன்னரே அங்கு வாழ்ந்தமைக்கு ஆவணம் உண்டா என்பது தகுதியின் அளவுகோல்களுள் ஒன்று. வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து வாழ்ந்த அம்மக்கள் வீடிழந்தது சிக்கனக் குறைவால் அன்று; எந்தச் சிக்கனமும் அதனைத் தடுத்திருக்கவும் இயலாது. எனினும் அத்தகைய நாளில் கையில் மூன்று மாத வாடகை வைத்திருக்கும் குடும்பம் வேலையிடத்திற்கு அருகே ஓர் அறையேனும் தேடும். இல்லாத குடும்பம் வட்டிக்காரர் வாயிலில் நிற்கும். வாக்காளர் அட்டை, மின்பில், பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை உறையிலிட்டு ஒரே பெட்டியில் காத்தலும் ஈட்டியதைக் காத்தல் என்பதனுள் அடங்கும்.

ஒன்றை மறவாதிருப்போமாக. சிக்கனம் கூலியை உயர்த்தாது. உழைப்புக்கு ஏற்ற ஊதியமும், வாழ உரிய இடமும் கேட்டுப் பெற வேண்டியவை. அவற்றுக்குப் பதிலாகச் சிக்கனத்தை எவரேனும் நமக்குப் போதிப்பாராயின் அதனை ஏற்க மாட்டோம். ஆயினும் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருப்போன், நியாயமான கூலி கேட்கையில் நாக்குத் தடுமாறான். கடன்பட்டவனோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய் திறவான்.

இல்லத்தார் கூடி ஆராய்வதற்கு

1. சென்ற மாதம் நம் வீட்டில் செலவான தொகை எவ்வளவு? எழுதிய கணக்கைக் கொண்டு விடையளிக்க.

2. மின்பில்லில் கண்ட யூனிட் எத்தனை? அதனைக் குறைக்க எந்தக் கருவியை மாற்றலாம்?

3. நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு எல்லாம் எஞ்சியிருக்கிறதா?

4. நம் கடன்களுள் நோய்க்காக வாங்கியவை எவை, ஊரார் பேச்சுக்காக வாங்கியவை எவை?

5. நம் ஆவணங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் உள்ளனவா? அவ்விடம் வீட்டிலுள்ள எல்லார்க்கும் தெரியுமா?

இவ்வைந்தையும் ஒரு விடுமுறை நாள் மாலையில், பிள்ளைகளையும் உடனிருத்தி ஆராய்க. கணக்கு எழுதும் பொறுப்பை எழுத்தறிந்த பிள்ளை ஒன்றிடம் ஒப்படைக்க. வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்குள் ஒரு மாதக் கணக்கை முடித்து வருவோமாக.